கிணற்றுக்குள் கேமரா ஏன் ஆடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தண்ணீருக்குள் வீடியோ எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டம் இல்லாமல் வர வேண்டுமானால் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைத் தானே குறைக்கும் வசதி) உள்ள புது ஆக்‌ஷன் கேமராவை வாங்குங்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு கோடையாக இதே வேலையாகத் திரிகிறவன் நான், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

கோப்ரோ என்கிற கம்பெனியின் கேமராக்களில், 2018-இல் வந்த ஹீரோ 7 பிளாக் மாடலில் தொடங்கி ஹைப்பர்ஸ்மூத் என்ற பெயரில் இந்த ஸ்டெபிலைசேஷன் வருகிறது, நல்ல வசதிதான். ஆனால் அது படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டுதான் ஆட்டத்தைச் சரிக்கட்டும். அதற்கு வெளிச்சமும் வேண்டும். கிணற்றடியில் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு மங்கிவிடும், மங்கியதை எந்த ஸ்டெபிலைசேஷனும் திருத்தாது. அதனால் நாங்கள் உச்சி வெயில் நேரே உள்ளே விழும் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்தான் இறங்குவோம். இன்னொன்று, தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கையின் நடுக்கமும் சேர்த்துத்தான்.

கேமராவோ உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், எடையே இல்லை, மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தாலும் படம் குலுங்கும். என் அக்கா மகன் ஆரஞ்சு நிற மிதக்கும் கைப்பிடி வாங்கி வந்தான். தவறி விட்டால் தொலையாது, சரி. ஆனால் அது மேலே இழுக்க, இவன் கீழே அமுக்க, படம் முழுக்க அந்த மல்லுக்கட்டுதான்.

அப்புறம் ஒரு லேத் பட்டறையில் ஒன்றரை அடி அலுமினியப் பட்டை வெட்டி வாங்கி, நடுவில் கேமராவும் இரு முனையில் சைக்கிள் ஹேண்டில் கிரிப்பும் மாட்டினோம். கழைக்கூத்தாடி கையில் நீளக் கம்பு எதற்கோ, அதற்குத்தான் இதுவும்: எடை இரண்டு பக்கமும் தள்ளி இருந்தால் சட்டென்று திரும்பாது. பட்டை மூழ்கியது. மேட்டூர் அணையில் வலைக்குக் கட்டுகிற மிதவை இரண்டைக் கட்டி, விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து மிதவையைச் சீவினோம். அரை நாள் போச்சு.

மீதி எல்லாம் உடம்பில் இருக்கிறது. குதித்தவுடன் எடுத்தால் குமிழிதான் வரும். நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் ஒரு காலை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, காலை உதைக்காமல் மனசுக்குள் பத்து எண்ணும்வரை ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மேலே ஒரு ஆள் நிற்காமல் நாங்கள் இறங்குவதே இல்லை.

ஆள் இறங்க முடியாத ஆழத்துக்குக் கயிறு. புது மாடல்கள் பலவும் தண்ணீர் புகாத தனிக் கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். முறுக்குக் கயிற்றில் விட்டால் முறுக்கு அவிழ்ந்து கேமரா பம்பரமாகச் சுற்றும், பின்னல் கயிறாக இரண்டைப் பட்டையின் இரு முனையிலும் கட்டி இறக்கினோம், நின்றது. போன மாதம் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் போனபோது அப்படித்தான் விட்டுப் பார்த்தோம்: மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் புட் வால்வின் சல்லடையில் ஒரு பழைய உரச்சாக்கு சுற்றிக் கிடந்தது, அதன் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகூடப் படிக்க முடிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.