டியூப் சுற்றினால் மட்டும் சத்தம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மவுன்டன் பைக் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் செயின் ஃபிரேமில் அடிக்கிற சத்தத்துக்குப் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, குழாய்மேல் எதையாவது சுற்றினால் போதும் என்ற அதே யோசனையை ஒரு காலத்தில் வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு நல்ல ஃபிரேமைக் கெடுத்துக்கொண்டவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அடி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெடல் மிதிக்கிற வரைக்கும் மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும்; கீழ்ப்பக்கத்தை இழுத்துப் பிடித்திருப்பது, பின்சக்கரத்தருகே தொங்கி கியர் மாற்றுகிற டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான். கரடுமுரடான இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றபடி இறங்கும்போது மேல்பக்கமும் தளர்ந்துவிடும், பின்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி விழும்போது செயின் வளைந்து போகிற இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் டீரெய்லரின் கூண்டு முன்னால் ஆடி இன்னும் கொஞ்சம் செயினை விட்டுக்கொடுக்கும், அப்புறம் அந்தத் தொய்ந்த செயின் துள்ளித் துள்ளி, தனக்கு நடுவில் ஓடுகிற செயின்ஸ்டே குழாயை, அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் ஃபிரேம் குழாயை, மேலேயும் கீழேயும் மாறி மாறி அடிக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது இந்தக் குழாய்க்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே வெற்றுக் குழாய் வேறு, அதனால் சின்ன அடியும் பெரிதாகக் கேட்கும். 1990 வாக்கில் சில கம்பெனிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று செயின்ஸ்டேயைச் செயினுக்கு மேலே தூக்கி வைத்து ஃபிரேம் செய்து பார்த்தன. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் அந்த யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஆக, சத்தம் செயினின் தொய்வில் இருக்கிறது. குழாய்மேல் சுற்றுவது அடி விழும் இடத்துக்கு மெத்தை போடுவது மாதிரி. மெத்தை வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடிக்கிறவன் கையைப் பிடிப்பதுதான் முதல் வேலை.

அந்தக் கையைப் பிடிக்க வந்ததுதான் கிளட்ச் வைத்த டீரெய்லர். 2011-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி ஷேடோ பிளஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, அடுத்த வருஷமே அதன் போட்டிக் கம்பெனி ஸ்ராமும் டைப் 2 என்று ஒன்றை இறக்கியது. கூண்டு முன்னால் ஆடும்போது மட்டும் உள்ளே ஒரு உராய்வு அதை இறுக்கிப் பிடிக்கும், திரும்பி வருவதைத் தடுக்காது. அவ்வளவுதான் சூட்சுமம், ஆனால் செயின் ஆட்டம் பாதிக்குமேல் அடங்கிவிட்டதைக் காதிலேயே உணரலாம். ஷிமானோவின் கிளட்ச் டீரெய்லர்களில் கிளட்சை அணைக்க ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும், பின்சக்கரத்தைக் கழற்றும்போது அணைத்துக்கொண்டால் வேலை சுலபம். வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும், அங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஒரு பஞ்சர் போட்ட நாளில் அணைத்தது, அப்படியே மறந்துவிட்டேன். அடுத்த சவாரியில் படபடவென்று ஒரே சத்தம். டியூப் சுற்றினேன், அடங்கவில்லை. அதன்மேல் இன்னொரு சுற்று. அப்புறம் மூன்றாவது. கடைசியில் குழாய் தடித்துப்போய் உள்பக்கம் டயரில் உரசத் தொடங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தேன், நெம்புகோல் அணைத்தது அணைத்தபடியே கீழே பார்த்துச் சமர்த்தாக இருந்தது. ஒரு விரலால் தட்டிவிட்டால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மூன்று டியூப் போனது.

கிளட்ச் போட்டிருந்தும் சத்தம் வந்தால் அது தேய்ந்து தளர்ந்திருக்கலாம். கூண்டைக் கையால் முன்னால் தள்ளிப் பாருங்கள், நன்றாக எதிர்க்க வேண்டும். வழவழவென்று போனால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். ஷிமானோவில் மூடியைக் கழற்றி இறுக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று செயின் நீளம். ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர், இரண்டு கண்ணி அதிகமாக விட்டாலே ஒரு அங்குலம் சும்மா தொங்கும். அதற்காக அவசரப்பட்டு வெட்டிவிடவும் கூடாது, பின்பக்கம் சஸ்பென்ஷன் இருக்கிற பைக்கில் ஷாக் அமுங்கும்போது செயினுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படும், ஆகவே ஷாக்கில் காற்றை இறக்கி முழுசாக அமுக்கி வைத்து, செயினைப் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் போட்டு அளந்த பிறகுதான் கண்ணியைக் கழற்ற வேண்டும். குறைவாகப் போனால் டீரெய்லரையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சரி, மெத்தைக்கு வருவோம். டியூப் மலிவு, கையில் இருப்பது, குறை சொல்ல மாட்டேன். வெல்க்ரோ வைத்த நியோபிரீன் உறை, அதாவது மெத்தென்ற ரப்பர் உறை, இன்னும் அழகு, ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடலாம். நான் ஃபிரேமைக் கெடுத்தது இந்த உறையால்தான். ஒரு மழைக்காலம் முழுக்க மாட்டியது மாட்டியபடியே ஓட்டினேன். அந்த உறை தண்ணீரையும் செயின் எண்ணெயையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். விளிம்பு வழியாக நுழைந்த மணல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ஒவ்வொரு அதிர்வுக்கும் உப்புத்தாள் வேலை பார்க்கும். மழை ஓய்ந்து கழற்றினபோது கறுப்புச் சேறு ஒட்டிய உறைக்கு அடியில், உள்ளங்கை நீளத்துக்குப் பெயின்ட் மங்கி, இரண்டு இடத்தில் உலோகமே பளபளத்தது. செயின் அடித்திருந்தால்கூட அங்கங்கே சில்லுதான் போயிருக்கும். பாதுகாப்புக்குப் போட்டது மொத்தமாக இழைத்துவிட்டது. இரும்பு ஃபிரேமாக இருந்திருந்தால் துருவும் பிடித்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் போடுவது ஒட்டுகிற வகைதான். மின்வேலைக்காரர்கள் கேபிள் இணைப்பை மூட வைத்திருக்கும் ரப்பர் மாஸ்டிக் டேப், 3எம் 2228 என்பது அதில் பலரும் எடுப்பது, கனம் 1.65 மில்லிமீட்டர், பிசுபிசுவென்று குழாயோடு குழாயாகப் படிந்துவிடும், இடையில் மணல் நுழைய இடமே இல்லை. சாதாரண இன்சுலேஷன் டேப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது மெலிசு, வெயிலில் பசை வழிந்துதான் மிச்சம். ஒட்டும் முன் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள், நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டுங்கள், கூரான மூலைதான் முதலில் கிளம்பும். சின்னச் சின்னத் துண்டுகளை இரண்டு விரல் இடைவெளியில் முதலில் ஒட்டி, அதன்மேல் நீளத் துண்டை இழுத்து ஒட்டினால் மேடு மேடாக வரும். செயின் தட்டைப் பரப்பில் மொத்தமாக அறையாமல் மேடுகளில் பட்டு அமுங்கும், சத்தம் இன்னும் குறைகிறது. இப்போது புது ஃபிரேம்களோடு வரும் ரப்பர் காப்புகளில் அலை அலையாக இருப்பதும் இதற்காகத்தான். செயின்ஸ்டேயின் அடிப்பக்கத்தையும், சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் சீட்ஸ்டே குழாயில் பின்சக்கரத்துக்கு அருகே உள்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், சத்தம் செயினுடையதுதானா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்வது நல்லது. செயின்ஸ்டேயைச் சுற்றி ஒரு பழந்துணியைக் கட்டி, பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். துணி கட்டியதும் சத்தம் மொத்தென்று மாறினால் செயின். மாறவில்லை என்றால் ஃபிரேமுக்குள் ஓடும் கேபிள் உள்சுவரில் தட்டுகிறது, அதற்கு கேபிள்மேல் மாட்டுகிற ஸ்பாஞ்ச் குழாய் இருக்கிறது. பிரேக் பேடுகூடச் சில சமயம் கலகலக்கும். செயின் அடங்கிய பிறகுதான் என் பைக்கில் ஷாக் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததே எனக்குக் கேட்டது, அதுவரை அந்தப் படபடப்பில் அமுங்கிப் போயிருந்தது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் டியூப் சுற்றியிருப்பது இடதுபக்கக் குழாயில். செயின் ஓடுவது வலதுபக்கம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றியதில் பக்கம் மாறிப்போயிருக்கலாம், எனக்கும் ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்