வில்னியஸ் கட்டுரைல விட்டுப்போன ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல லிதுவேனியா தலைநகர் வில்னியஸ் பத்தி வந்த பயணக் கட்டுரைய விடாம படிச்சேன். கெடிமினாஸ் கோட்டை, செங்கல்லயே கட்டின செயின்ட் ஆன் சர்ச், உஜுபிஸ், த்ராகாய் ஏரிக்கோட்டைன்னு எல்லாம் நல்லாத்தான் இருந்தது, படங்களும் அருமை. ஆனா நானும் அந்த ஊருக்குப் போய்ட்டு வந்தவன்ங்கிறதால ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. நாலு பக்கக் கட்டுரைல யூதர்னு ஒரு வார்த்தை கூட இல்லையே, ஏன்?

இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி அந்த ஊர்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல யூதர்ங்க, லிதுவேனியாவின் ஜெருசலேம்னே அதுக்குப் பேர் இருந்தது. 1720ல பொறந்த வில்னா காவோன்ங்கிற பெரிய அறிஞர் வாழ்ந்த ஊர், ஐரோப்பா முழுக்க இருந்த யூதர்கள் படிப்புக்கும் புத்தகத்துக்கும் அண்ணாந்து பார்த்த ஊர். நீங்க கஃபே நல்லா இருக்குன்னு எழுதின ஸ்டிக்லியு தெரு இருக்கே, அது 1941ல ஊரப் பிடிச்ச ஜெர்மன் நாஜிங்க யூதர்கள அடைச்சு வச்ச ரெண்டு கெட்டோல (அடைப்புப் பகுதி) சின்னது இருந்த இடம். அங்க இருந்தவங்கள அந்த வருஷம் அக்டோபருக்குள்ளயே கொன்னு முடிச்சுட்டாங்க. அங்கருந்து கொஞ்ச தூரம் நடந்தா ருத்னின்கு தெரு, பெரிய கெட்டோவோட வாசல் இருந்த இடத்துல மேப்போட ஒரு பலகை வச்சிருக்காங்க, பக்கத்துலயே ஜனங்க சாதாரணமா பஸ்ஸுக்கும் கடைக்கும் போய்ட்டிருக்காங்க, எனக்கு அந்த எடத்த விட்டு நகரவே முடியல. அந்தச் சுவருக்குள்ள பசியோட அடைஞ்சு கிடந்தவங்க ஒரு லைப்ரரி நடத்தியிருக்காங்க சார், 1942 டிசம்பர்ல ஒரு லட்சமாவது புத்தகத்த இரவல் கொடுத்ததுக்கு விழாவே எடுத்திருக்காங்க. 1943 செப்டம்பர் 23ல அந்த கெட்டோவையும் காலி பண்ணிட்டாங்க.

பெரிய சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) ஒண்ணு இருந்தது, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சர்ச்சுகள விட உசரமா கட்டக்கூடாதுன்னு இருந்ததால தரைய தெரு மட்டத்துக்குக் கீழ தோண்டி, உள்ள உசரம் கிடைக்கிற மாதிரி கட்டினாங்கன்னு சொல்றாங்க. போர்ல சேதமாச்சு, மிச்சத்த 1950கள்ல சோவியத் அரசு இடிச்சுட்டு அது மேல ஒரு ஸ்கூல கட்டிருச்சு. 2018ல தொல்லியல்காரங்க தோண்டினப்போ தோராங்கிற யூத வேதத்த வாசிக்கிற மேடையோட மிச்சம் கிடைச்சது, அதுவும் ஹெட்மாஸ்டர் ரூம் இருந்த இடத்துக்குக் கீழ. போருக்கு முன்னாடி ஊர்ல நூறுக்கு மேல சினகாக் இருந்ததாம், இன்னிக்கு வழிபாடு நடக்கறது பிலிமோ தெருவுல 1903ல கட்டின ஒண்ணுல மட்டுந்தான்.

அப்புறம் பனேரியை. இத விட்டது தான் எனக்கு ரொம்ப வருத்தம். வில்னியஸ் ஸ்டேஷன்லருந்து ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துரும், இறங்கி தண்டவாளத்த ஒட்டியே நடந்தா பைன் மரக்காடு, நடுவுல வட்ட வட்டமா பெரிய பள்ளங்க. சோவியத் காலத்துல எரிபொருள் டேங்க் வைக்கத் தோண்டினது, ஜெர்மன்காரங்க வந்ததும் அதுவே கொலைக்களமாச்சு. 1941லருந்து 1944க்குள்ள அங்க சுமார் ஒரு லட்சம் பேர சுட்டுக் கொன்னாங்க, அதுல 70,000 பேர் வரைக்கும் யூதர்கள். சுட்டவங்கள்ல லிதுவேனியாக்காரங்களும் இருந்தாங்க, அதையும் எழுதணும். கடைசில தடயத்த அழிக்க 80 கைதிங்க காலுக்குச் சங்கிலி போட்டு அந்தப் பிணங்களையே தோண்டி எரிக்க வச்சாங்க, அவங்க ராத்திரி ராத்திரியா கையாலயும் ஸ்பூனாலயும் சுரங்கம் தோண்டி 1944 ஏப்ரல் 15 அன்னிக்குத் தப்பிக்கப் பாத்தாங்க, தப்பி உயிரோட மிஞ்சினது பத்துப் பன்னெண்டு பேர் தான். அந்தச் சுரங்கம் எங்கன்னு தரையத் தோண்டாமயே ஸ்கேன் பண்ணி 2016ல தான் கண்டுபிடிச்சாங்க.

லிதுவேனியாக்காரங்க பட்ட கஷ்டம் சின்னதுன்னு நான் சொல்லல. 1991 ஜனவரி 13ல டிவி டவர் பக்கத்துல சோவியத் ராணுவத்தால செத்த 14 பேர பத்தி உங்க கட்டுரைல வந்தது சரிதான். கெடிமினோ அவென்யூல பழைய கேஜிபி (சோவியத் ரகசிய போலீஸ்) கட்டடத்து வெளிச்சுவர் கல்லுல கொல்லப்பட்டவங்க பேரு செதுக்கியிருக்கறத நானும் நின்னு படிச்சேன், மனசு கனத்துப் போச்சு. ஆனா அதே கட்டடம் ஜெர்மன்காரங்க காலத்துல கெஸ்டபோ, அதாவது நாஜி ரகசிய போலீஸோட ஆபீஸ். ரெண்டையும் சேத்து சொன்னா தான அது அந்த ஊரோட கதை?

நம்ம ஊர்லருந்து இப்ப நிறைய பேர் பால்டிக் பக்கம் போறாங்க, கைல உங்க கட்டுரைய கட்டிங்கா வச்சிட்டுப் போறவங்களும் இருப்பாங்க. அடுத்த இதழ்ல பனேரியைக்கு ரயில்ல எப்படிப் போறது, பிலிமோ தெரு சினகாக், ருத்னின்கு தெரு பலகை இதெல்லாம் எங்க இருக்குன்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க. செப்டம்பர் 23 அந்த நாட்டுல யூத இனப்படுகொலை நினைவு நாள், அந்த சமயத்துல போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அன்புடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகர்
திருச்சி