நீ வாடகைக்கு எடுக்கப்போகும் வண்டியைப் பற்றி

சியாங் மாய்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணாச்சி பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பையன்தான் பாவம்.

டிசம்பர் விடுமுறையில் மகனையும் அழைத்துக்கொண்டு நீ இங்கே வருகிறாய் என்ற செய்தி எங்கள் வீட்டையே உற்சாகப்படுத்திவிட்டது. பயணத்தைப் பற்றிச் சாவகாசமாக எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் போன வாரம் நடந்த ஒரு விஷயம் என்னை உடனே எழுத வைத்துவிட்டது. உன் கடிதத்தில், ஓர் ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, அப்பாவும் பிள்ளையுமாக அதிலேயே வடக்குத் தாய்லாந்து மலைகளைச் சுற்றிவரும் மே ஹோங் சோன் சுற்றுப்பாதையை முடித்துவிடப் போவதாக ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கங்கள்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன் ஒருவன், அறைத் தோழனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, வாடகை ஸ்கூட்டரில் டோய் இன்தனோன் மலைக்குப் போனான். தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரம் அது, 2565 மீட்டர். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது, வேகம் கூடிவிடுமோ என்ற பயத்தில், இரண்டு பிரேக்குகளையும் விடாமல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். பாதி வழியில் கருகிய வாசனை வந்திருக்கிறது. முன்னால் போன வேனிலிருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறான். சற்று நேரத்தில் முன் பிரேக் லீவர் தொளதொளவென்று ஆகி, கடைசியில் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. பின் பிரேக்கும் பிடிக்கவில்லை. நல்லவேளையாக அவன் பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலையை ஒட்டிய வடிகாலில் வண்டியை இறக்கிவிட்டான். அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது, தோழனுக்கு மணிக்கட்டு. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வண்டியை எடுத்து வர ஒரு பிக்கப்பைப் பிடித்துக்கொண்டு நான் போனேன். என்னை உலுக்கியது என்ன தெரியுமா? மாலையில் நான் அந்த லீவரை அழுத்திப் பார்த்தபோது அது புது வண்டியைப் போல இறுக்கமாக இருந்தது. கடைக்காரரும் அழுத்திப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, ஓட்டத் தெரியாதவன் ஓட்டியிருக்கிறான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லீவரின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகி லீவர் தொளதொளத்துவிடும். அது ஆறிவிட்டால் நடந்ததற்குச் சாட்சியே இருக்காது. அதே வண்டியை அதே ஆயிலோடு மறுநாள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அவரும் கடை வாசலில் லீவரை அழுத்திப் பார்த்து, திருப்தியாக எடுத்துக்கொண்டு போவார். அப்படி எடுத்துப் போகிறவர்கள் நீயும் உன் மகனுமாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நீ. கணக்கை நீயே போட்டுப் பார். அடிவார ஊரான சோம் தோங்கிலிருந்து சிகரம் வரை சாலை 50 கிலோமீட்டருக்கும் குறைவு. உயர வித்தியாசம் 2200 மீட்டருக்கும் மேல். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்துக்கொண்டால், கீழே வந்து சேர்வதற்குள் 50 லட்சம் ஜூலுக்கும் அதிகமான ஆற்றலை எங்கேயாவது கழித்தாக வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் உள்ள 15 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதியை, குறைந்த கியரில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கவில்லை என்றால், ஒரு சாண் அகலமுள்ள பிரேக் டிஸ்க்கும் பின்னால் உள்ள சின்ன டிரம்மும்தான் அத்தனையையும் வாங்க வேண்டும்.

அந்த வெப்பம் பிரேக் ஆயிலுக்குப் போகும்போதுதான் இந்த ஊரின் மழைக்காலம் கணக்குக்குள் வருகிறது. டாட் 4 என்ற தரவகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில், விதி எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மே முதல் அக்டோபர் வரை மழையில் ஊறும் வடக்குத் தாய்லாந்தில், வாசலில் வரிசையாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் வாடகை வண்டிகளுக்கு அதை யார் மாற்றுகிறார்கள்? எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறார்கள். மாற்றாவிட்டால் எஞ்சின் கெட்டு நஷ்டம் அவர்களுக்கு. பிரேக் ஆயிலை மாற்றாவிட்டால் நஷ்டம் ஓட்டுகிறவருக்கு. இதை எத்தனை கடைகளில் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணி மாளாது. தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள்.

இப்போது உன் ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துக்குள் ஓட்ட அதைப் போன்ற சுகம் வேறில்லை. என் மனைவி தினமும் அதில்தான் சந்தைக்குப் போகிறாள். ஆனால் அதில் நீயாக இரண்டாவது கியரில் போட்டு வைத்து இறங்க வழியில்லை. வேகம் ஏற ஏற, எஞ்சினையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் தானாகவே உயர்ந்த விகிதத்துக்கு நகர்ந்துவிடுகிறது. எஞ்சினின் பிடிப்பு குறைகிறது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடி மிக மெதுவாக வந்தாலோ, கிளட்ச் தானே விலகிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து வண்டி நியூட்ரலில் உருள்கிறது. அந்த மதுரைப் பையன் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறான். விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் மலையில் ஸ்கூட்டர் ஓட்டும்போது, ஆக்ஸிலேட்டரைத் துளி திறந்து கிளட்ச்சைப் பிடிக்கவைத்த பிறகே வேகத்தைக் குறைக்கிறார்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு பிரேக், பிறகு முழுவதும் விட்டுவிடுவது. இப்படி விட்டு விட்டுப் பிடித்தால் டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கிறது. ஆனால் பின்னால் மகனோடும் பையோடும் நீ வந்து இறங்கிய மறுநாளே கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை இது.

நியூட்ரல் என்றதும் கொல்லிமலை உனக்கு நினைவு வரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று உன் ஆர்.எக்ஸ். 100ஐ அணைத்து, நியூட்ரலில் இறக்கிய மகாராஜன் நீ. அடிவாரத்தில் காரவள்ளியில் வந்து நின்றபோது அண்ணாச்சி உன் பின் டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டியதை மறந்திருக்க மாட்டாய். அதை உன் மகனிடம் நானே சொல்லப்போகிறேன். அப்பா என்றால் வண்டி விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர் என்று அவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

கேலி போகட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, தாய்லாந்தின் சாலை மரணங்களை ஒரு லட்சம் பேருக்கு 32.7 என்று மதிப்பிட்டது. இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் செல்கிறவர்கள். சாலைகள் மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சாலைகள் மிக நன்றாக இருக்கின்றன, நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஹாரன் சத்தமும் அபூர்வம். அந்தச் சுகமே புதிதாக வருகிறவனை வேகமாகப் போகச் சொல்கிறது.

ஆகவே என் முடிவு இது, மறுக்காதே. நீயும் மகனும் ஆளுக்கு ஒரு ஹோண்டா வேவ் 125 எடுத்துக்கொள்ளுங்கள். தோற்றத்தில் எளிய வண்டிதான், பார்த்ததும் உன் மகன் முகம் சுளிப்பான். ஆனால் இந்த மலைகளில் காய்கறி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவது அந்த வண்டிதான். கிளட்ச் லீவர் கிடையாது; நான்கு கியர் உண்டு. முன்னால் மிதித்தால் கியர் ஏறும். ஸ்பிளெண்டர் ஓட்டிய உன் காலுக்கு அது பழகிய வேலை. மேலே ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு; பிரேக்குக்கு வேலையே குறைவாக இருக்கும். இன்னொரு நன்மை, வழியில் எந்தச் சிற்றூரிலும் இந்த வண்டிக்கு மெக்கானிக் இருப்பார், உதிரி பாகமும் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கெட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். தேவையில்லாத ஒன்றைக் கழற்றிக் காசு பார்க்கும் பழக்கத்தை நான் அந்தச் சிறு பட்டறைகளில் கண்டதே இல்லை. அண்ணாச்சியைப் போன்றவர்கள் அவர்கள்.

வண்டிகளை நீங்கள் வருவதற்கு முன்பே நான் போய்ப் பார்த்து எடுத்து வைக்கிறேன். இரண்டிலும் என் செலவில் புது டாட் 4 ஊற்றி, பிரேக் குழாயில் உள்ள காற்றையும் எடுத்துவிடுகிறேன். இதற்கு நீ கணக்குப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் ஒவ்வொரு காலையும் நீ செய்ய வேண்டியவை உண்டு. முன் பிரேக் லீவரை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடி; மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிரேக் ஆயில் தொட்டியின் கண்ணாடியில் நிறம் கருத்திருந்தால் எனக்குப் படம் அனுப்பு. பின் டிரம்மில் தேய்மானம் காட்டும் அம்புக்குறி, பிரேக்கை மிதிக்கும்போது எங்கே நிற்கிறது என்று பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். டயர் தயாரான காலம் அது: முதல் இரண்டு இலக்கங்கள் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு. ஓடாமல் காய்ந்த பழைய டயர், பூ தேயாமல் பளபளப்பாகவே இருக்கும். ஈரச் சாலையில் அதை நம்ப முடியாது. செயினை மாலையில், வண்டி சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் விடு. பெட்ரோல் பங்குகளில் கேசஹால் 91, 95 என்று இருக்கும், பத்து சதவீதம் எத்தனால் கலந்தது; கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கேயே வாங்கிக்கொள். அதில் மோட்டார் சைக்கிளுக்கான இடத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காருக்கு மட்டும் முத்திரை இருந்தால், போலீஸ் அபராதம் போகட்டும், விபத்தில் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடைக்கு நாம் போகப்போவதில்லை. ஹெல்மெட்டை ஊரிலிருந்தே கொண்டு வா, இருவருக்கும். வாடகைக் கடை ஹெல்மெட் தலைக்குத் தொப்பி, அவ்வளவுதான்.

பாதையைப் பற்றி எழுதாமல் விட்டால் உன் மகன் என்னைத் திட்டுவான். முதல் நாள் ஹோட் வழியாக மே சரியாங், ஏறத்தாழ 190 கிலோமீட்டர்; வளைவுகளுக்குக் கை பழக நல்ல சாலை. அடுத்து குன் யுவாம், மே ஹோங் சோன். பிறகு 1095ஆம் எண் சாலையில் பாங் மபா வழியாக பாய், அங்கிருந்து சியாங் மாய். மொத்தம் 600 கிலோமீட்டர். 1864 வளைவுகள் என்று மே ஹோங் சோனில் சான்றிதழே தருகிறார்கள். சுற்றுலா வேன்கள் பாய் சாலையில் நடுக்கோட்டை மதிப்பதில்லை. வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் உன் தலைகூடக் கோட்டைத் தாண்டி நீளக் கூடாது. காலையில் மூடுபனியும் குளிரும் கடுமையாக இருக்கும். டயர் சூடேறும் வரை சாய்க்காதே. கொண்டை ஊசிகளில் லாரிகளிலிருந்து சிந்திய டீசல் கிடக்கும்.

நேரம் இருந்தால், நான் உன்னைக் கட்டாயம் கூட்டிப்போக விரும்புவது குன் யுவாமிலிருந்து மே சேம் போகும் 1263ஆம் எண் சாலை. நவம்பரில் அந்தப் பக்கத்து மே உ கோ மலைச்சரிவு முழுவதும் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். டிசம்பரில் நீ வரும்போது பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. மலை முதுகின் மேலேயே போகும் சாலை அது. வளைவுகள் ஒன்று முடியுமுன் அடுத்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஆகவே பிரேக்கைத் தொடாமல் கியரை மட்டும் மாற்றிக்கொண்டே வெகு தூரம் போகலாம். அந்தச் சாலையில் ஓட்டியபோதெல்லாம், நாம் மூவரும் ஒன்றாக இங்கே வர முடியவில்லையே என்று நான் நினைத்திருக்கிறேன். அண்ணாச்சியையும் கேட்டுப் பார். இப்போது அவருக்கு நேரம் இருக்கிறது. என் 500 சிசி வண்டியின் பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. அவர் பின்னால் உட்கார்ந்தால் என் கியர் மாற்றத்தில் குற்றம் கண்டுபிடிப்பார்; பரவாயில்லை, அதைக் கேட்டு வருடங்கள் ஆகின்றன.

டிக்கெட் எடுத்தவுடன் தேதியை எழுது. டிசம்பர் கடைசி வாரத்தில் நல்ல வேவ் கிடைப்பது கஷ்டம். கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். ஸ்கூட்டர் யோசனையைக் கைவிட்டாய் என்று அதே கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடு. தங்கச்சியிடம் அந்த மதுரைப் பையன் கதையை மட்டும் சொல்லாதே. உன்னை விமானம் ஏற விடமாட்டாள்.

அன்புடன்,
உன் நண்பன்