கயலுக்கு: அந்த மாத்திரையைக் குழம்பில் கலக்காதே

அன்புள்ள கயலுக்கு,

மாப்பிள்ளை வீட்டில் இருக்கையில் போனில் பேச இயலாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் குடியை நிறுத்த என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரையை, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடாதே. நீ அனுப்பிய படத்தில், அட்டையின் பின்புறம் டைசல்ஃபிராம் என்று அச்சாகியிருக்கிறது. குடிக்கும் ஆசையை அது மறக்கடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; ஆசையை அது தொடுவதே இல்லை. ஆல்கஹால் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அதன்பின் ஒரு நொதியால் சிதைகிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் நச்சு இரத்தத்தில் தேங்கி, குடித்த சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். கல்லீரலைப் பரிசோதித்த மருத்துவர் எழுதிக்கொடுக்க, குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஒருவர் விழுங்க வேண்டிய மருந்து இது. அந்தத் தெரிதல்தான் அவரைக் கடைப்பக்கம் போகாமல் நிறுத்துகிறது. தெரியாதவருக்கு அது விஷம்தான்.

"மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருக்கிறாரே, மனசு வைத்தால் முடியாதா?" என்று உன் மாமியார் கேட்பதாகச் சொன்னாய். விரத காலத்துக்கு நிறுத்துவது வேறு, மாலையைக் கழற்றிய பிறகும் நிறுத்தியே இருப்பது வேறு. போன கார்த்திகையில் முடிந்தது என்பதற்காக இப்போது வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால் நிற்கிறது என்கிறாயே, அது உடல் பழகிவிட்டதன் அடையாளம். அத்தகையவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் சித்தம் கலங்கலாம். கால் முறிவுக்காகச் சேர்க்கப்பட்ட குடிப்பழக்கக்காரர், குடி கிடைக்காத மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறி, ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவதை எலும்பு வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸும் சொல்வாள். உறவினர்கள் பேய் என்று நினைத்து மந்திரித்த கயிறு கட்டுவார்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்பதும் அரைகுறைப் பேச்சு. நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும்.

பீர்தானே என்று மாப்பிள்ளை சமாதானம் சொல்கிறாராம். கணக்குப் போட்டுப் பார். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 26 மில்லி. ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம். எவ்வளவு குடித்தாலும் அவர் தள்ளாடமாட்டார் என்று நாத்தனார் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. தள்ளாடாதது பெருமையா என்ன! அதுவும் உடல் பழகிவிட்டதன் அடையாளம்தான்.

குழந்தை பிறந்தால் திருந்துவார் என்பவர்களுக்கும், நீ சரியாக நடந்துகொண்டால் விட்டுவிடுவார் என்பவர்களுக்கும் பதில் சொல்லி மெனக்கெடாதே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சர்க்கரை நோயில் நடுவில் அளவு எகிறுவதைப் போல, இதிலும் நடுவில் பழக்கம் திரும்பலாம். மீண்டும் குடித்துவிட்டார் என்பதால் சிகிச்சை வீண் என்று ஆகாது. குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் பேசு. கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போ; வர மறுத்தால் நீ மட்டுமாவது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசு. வேனில் வந்து கட்டாயமாகத் தூக்கிப்போகும் மறுவாழ்வு மையம் எதற்கும், உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதே.

ஒருவேளை மாத்திரையை ஏற்கெனவே கலந்திருந்தால், அவரிடம் இன்றே சொல்லிவிடு. கோபிப்பார், கோபிக்கட்டும். அதன் தாக்கம் இரண்டு வாரம் வரை இருக்கக்கூடும். குடித்தாலும் ஆபத்து, சட்டென நிறுத்தினாலும் ஆபத்து என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அட்டையை மறக்காமல் எடுத்துச் செல். வியாழக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா