ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் காது மிஷினைச் சரிசெய்தவருக்கு

நேற்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல்படி ஏறும்போது கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார், அதிலேயே தெரிந்துபோயிற்று ஆள் தேறிவிட்டார் என்று. இந்த ஐந்து வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே நின்றீர்கள், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இட்லியும் ரசமும் கொண்டுவந்து லிஃப்ட் வாசலில் கொடுத்துவிட்டுப் போனவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்துவந்தவர்கள், விசாவுக்கும் இன்சூரன்சுக்கும் மாற்றி மாற்றி ஃபாரம் நிரப்பித் தந்த அக்கா, தூத்துக்குடியில் அம்மாவுக்குத் துணையாக ராத்திரி வந்து படுத்துக்கொண்ட சித்தி, சிட்னி பார்க்கிங்குக்கு நான் அழுத காசைப் பார்த்துவிட்டுத் தன் கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போன நண்பன் என்று பட்டியல் நீளம். எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருகிறேன். ஒரே பத்தியில் உங்களை அடைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், மீதி இடம் வேறொருவருக்கு வேண்டியிருக்கிறது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கிரெய்ட் என்கிற, இரண்டாம் உலகப் போரில் ஓடிய பழைய கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கப்பல் பைத்தியம் என்பது நம் வட்டத்தில் தெரிந்ததுதான். போன முறை வந்தபோது சிட்னி டார்லிங் ஹார்பரில் கடல்சார் அருங்காட்சியகத்துத் துறையில் சும்மா காட்டலாமே என்று கூட்டிப்போனேன், பக்கத்தில் அவ்வளவு பெரிய போர்க்கப்பல் நிற்க, அதை விட்டுவிட்டு இந்த மரப்படகு முன்னால் போய் நின்றவர்தான், நகரவில்லை. 21 மீட்டர் நீளம், அகலம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. ‘இதுலயா சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டு வந்தானுவ?’ என்றார். நாற்பது வருஷம் தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜின் பிரித்துப் பூட்டியவர், அவர் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு அந்தப் படகின் சர்வீஸ் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் படித்துச் சொல்வேன், அவர் தமிழில் எழுதிக்கொள்வார். அவர் கணக்கே வேறு. 1943 செப்டம்பர் 26 ராத்திரி கிரெய்ட் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆறு நேசநாட்டு வீரர்கள் மூன்று மடக்குப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து ஏழு ஜப்பானியக் கப்பல்களில் காந்தக் கண்ணிவெடி வைத்தார்களே, உலகமே பேசும் ஆபரேஷன் ஜேவிக், அது அப்பா நோட்டில் அரைப் பக்கம்தான். இன்ஜினுக்குப் பதினோரு பக்கம்.

1934இல் ஜப்பானில் கட்டிய மீன்பிடித் தொழில் படகு, அப்போது பெயர் கொஃபுகு மாரு. 1941 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே பிடிபட்டது. மறுவருஷம் பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய மாலுமி அதை எடுத்துக்கொண்டு, சுமத்ராக் கரையோரம் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து தப்பியவர்கள் 1,100 பேருக்கு மேல் ஏற்றிக் கரைசேர்த்துவிட்டு, அப்படியே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்புறம்தான் கிரெய்ட் என்று பெயர் மாறியது, கிரெய்ட் என்றால் நம் கட்டுவிரியன். ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு பழைய இன்ஜின் குவீன்ஸ்லாந்துக் கரையில் படுத்துவிட்டது, டாஸ்மேனியாவிலிருந்து ஆறு சிலிண்டர் கார்ட்னர் டீசல் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். இந்த இடத்தில் அப்பா சிவப்பு மையில் ‘கார்ட்னர்!!’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது ஷாஃப்ட் கதைதான். 1943 செப்டம்பர் 1, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து பதினாலு பேரோடு கிளம்புகிறார்கள், கரையைத் தாண்டவில்லை, புரொபெல்லர் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. அங்கே நின்ற அமெரிக்க நீர்மூழ்கி மீட்புக் கப்பல் சாண்டிக்ளீர், அதன் பட்டறை ஆட்கள் ராவோடு ராவாக அதைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். சாண்டிக்ளீர் என்றால் கதைச் சேவலின் பெயர், பாம்புக்குச் சேவல் வைத்தியம் பார்த்திருக்கிறது பாருங்கள். இது தற்காலிகம்தான், சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். மறுநாள் கிளம்பினார்கள். ஜப்பான் கொடி கட்டி, உடம்பில் பழுப்புச் சாயம் பூசி, கைலி கட்டிக்கொண்டு, லொம்போக் நீரிணையில் இரண்டு முறை நுழைந்து வெளியே வந்து, அக்டோபர் 19ஆம் தேதி அதே எக்ஸ்மவுத்தில் வந்து நின்றார்கள். 48 நாள். ஒட்டுப்போட்ட ஷாஃப்ட் விடவில்லை.

‘அத ஒட்டுனவன் பேரு எங்கயாவது போட்டிருக்கானுவளால?’ இதுதான் அப்பாவின் கேள்வி. அந்தப் பயணத்தில் போன லையன், டேவிட்சன், பேஜ், கார்ஸ், இன்ஜின் ரூமில் வெந்த பேடி மெக்டவல் எல்லோர் பெயரும் கிடைக்கிறது. ஒட்டியவர் பெயர் எனக்கு அகப்படவில்லை. நோட்டில் அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். அப்பா குழம்பிப்போயிருந்தார். என்னை அவருடைய தம்பி என்று நினைத்துப் பேசினார், அல்லது பேசவே இல்லை. இன்ஜின் பக்கத்திலேயே நின்று காது போனவர், மிஷின் இல்லாவிட்டால் அவருக்கு உலகம் மூடிக்கொள்ளும், அந்த மிஷினிலிருந்து காதுக்குப் போகிற மெல்லிய ட்யூப் சரியாக அந்தச் சமயம் பார்த்து மிஷினில் மாட்டுகிற முனையில் கிழிந்திருந்தது. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள், அவருக்கு எதுவும் கேட்கவில்லை, யாரோ முகமூடி போட்டவர்கள் வந்து கையை அமுக்குகிறார்கள் என்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். சனி ராத்திரி, கடை திங்கட்கிழமைதான் திறக்கும். நான் ஆஸ்பத்திரி டேப்பை வைத்து அதைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுவதும் அவிழ்வதும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்த வார்டு உதவியாளர், பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயது இருக்கும், என் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டேப் நிற்காது என்றார். போய்விட்டார். ஒரு காகிதக் கப்பில் வெந்நீரும் சின்னக் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ட்யூபை மிஷினிலிருந்து உருவி, கிழிந்த நுனியைத் தீக்குச்சித் தலை அளவுக்கு நேராக வெட்டி எறிந்தார். மீதியின் முனையை வெந்நீரில் முக்கிப் பிடித்தார், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார், எடுத்து வாயால் ஒரு ஊது ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, இளகின ட்யூபைத் திருகித் திருகி மிஷினின் கொக்கியில் ஏற்றினார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கப்பல் இன்ஜின் ரூமில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆயிலராகப் பல வருஷம் இருந்தாராம், ‘எத்தனை ஹோஸ் மாட்டியிருப்பேன், இது ரொம்பச் சின்ன ஹோஸ், அவ்வளவுதான்’ என்றார். இது தற்காலிகம், கடையில் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரும் சொன்னார்.

அதோடு போயிருக்கலாம். குனிந்து, தன் முகமூடியை இறக்கி, அப்பா தன் முகத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, மிஷினைத் தானே காதில் மாட்டிவிட்டார். அப்பா கண்ணைச் சுருக்கினார். ‘என்னல இம்புட்டுச் சத்தம்?’ என்றார், என்னைப் பார்த்து. தம்பியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. இவர் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர் என்று சொன்னேன். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: ‘கார்ட்னர்?’

அவர் சிரித்துவிட்டார். ‘நோ, நோ. சுல்சர்.’

அப்பா தலையை ஆட்டினார், அதுவும் பரவாயில்லை என்கிற மாதிரி. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். டாக்டர்கள்தான் அவரைப் பிழைக்கவைத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை, அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். ஆனால் அப்பா திரும்பி வந்த நிமிஷம் எது என்று கேட்டால் எனக்கு அந்த ‘சுல்சர்’தான்.

அதற்கப்புறம் படுத்தபடியே நோட்டைக் கேட்டு வாங்கி மூன்று பக்கம் எழுதினார். சண்டை முடிந்த பிறகு கிரெய்ட் போர்னியோவில் பெடாங் என்ற பெயரில் மர அறுவைக் கம்பெனிக்கு உழைத்ததும், 1964இல் பொதுமக்கள் பணம் போட்டு அதை ஆஸ்திரேலியாவுக்கு மீட்டு வந்ததும். கண்ணிவெடி வைத்தது யார் என்று தெரியாமல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் 1943 அக்டோபர் 10 தொடங்கி சிங்கப்பூரில் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்ததில் 15 பேர் செத்துப்போனதையும் எழுதி, கட்டம் போட்டு வைத்திருக்கிறார். படகில் போனவர்கள் கொண்டாடப்பட வேண்டியவர்கள்தான், ஆனால் அந்தப் பதினைந்து பேரையும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

நேற்று வீட்டுக்கு வரும் வழியில் காது மிஷின் கடையில் நிறுத்தினேன். அந்தப் பெண் ட்யூபை இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மாற்றிவிடலாம் என்றேன். அப்பா காதைக் கையால் பொத்திக்கொண்டார், ‘அது பாட்டுக்கு ஓடட்டும்.’

காரில் ஏறியதும் கேட்டார், ‘அந்த ஆயிலர் பேரு என்னல?’

கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டை திரும்பிக் கிடந்தது, நானும் நிமிர்த்திப் பார்க்கவில்லை. மறுநாள் விசாரித்தபோது அவர் ஏஜென்சி மூலம் ஒரு ராத்திரிக்கு வந்தவர், பெயரைச் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் விதி அப்படி. ‘நீயும் அவனுவள மாதிரிதானால’ என்றார் அப்பா, வீடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், தமிழ் தெரியாதவருக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள். ட்யூப் இன்னும் கழலவில்லை என்று சொல்லுங்கள். அப்பா நடக்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்து மணி வாக்கில் கிரெய்ட் கட்டியிருக்கிற துறையில் இருப்போம், நோட்டும் பேனாவும் அப்பா சட்டைப்பையில் இருக்கும், அவர் வந்து பெயரைச் சொன்னால் போதும், எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்வார். வலது காதுப் பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள்.