ஷெட்யூலர் பராமரிப்பாளர்களுக்கு: பெரிய புரொசஸுக்கு ஓய்வு கொடுங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், எந்த வேலை எப்போது எந்த சிபியுவில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரைப் பராமரிப்பவர்களுக்கு வணக்கம்.

2013-இல் 3.8 பதிப்போடு வந்த தானியங்கி நூமா பேலன்சிங்கை நீக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நூமா இயந்திரத்தில் சில சிபியுக்களும் அவற்றுக்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்தது ஒரு நோடு; வேறு நோடின் நினைவகத்தைத் தொட்டால் தாமதம். எந்தப் பக்கம் (நினைவகத்தின் சிறு அலகு) எந்த நோடில் இருந்தால் நல்லது என்று அதுவே கண்டுபிடித்து நகர்த்துவது பெரிய உதவி. அதற்காக கெர்னல் ஒரு புரொசஸின் (ஓடும் நிரலின்) பக்கங்களுக்கான அணுகலை அவ்வப்போது பறித்து, அவற்றை எந்த நோடிலிருந்து தொடுகிறார்கள் என்று பார்க்கிறது; அதுதான் ஸ்கேன். என் வழக்கெல்லாம் அந்த ஸ்கேன் இடைவெளியின் கணக்கோடுதான்.

இடைவெளியின் இயல்பு அமைப்பு குறைந்தபட்சம் 1000 மில்லிவினாடி, அதிகபட்சம் 60000, ஒரு தடவைக்கு 256 மெகாபைட். தாராளமான வரம்பாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் இரண்டு எண்களும் புரொசஸின் நினைவகம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்து முடிக்கும் நேரத்தைக் குறிப்பவை. அதனால் கெர்னல் அவற்றை 256 மெகாபைட் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. வினாடிக்கு 2560 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருப்பதால், இடைவெளி 100 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காது. இப்போது 150 ஜிபி பிடித்திருக்கும் ஒரு டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 600 துண்டுகள். 60000-ஐ 600-ஆல் வகுத்தால் 100! மேல் எல்லை கீழ் எல்லையின் மீதே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கங்கள் எல்லாம் உரிய நோடில் அமைந்த பிறகும் ஸ்கேன் அதே வேகத்தில்தான் ஓடும். நினைவகத்தைப் பகிரும் த்ரெட்டுகள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் மேல் எல்லை உயர்கிறது, மறுக்கவில்லை. பகிர்வு குறைந்த வேலைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஸ்கேனுக்காகும் நேரத்தை 3 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறீர்கள். அணுகல் பறிக்கப்பட்ட பக்கத்தைத் தொட்டதும் எழும் ஃபால்ட் (நிரலை நிறுத்தி கெர்னலை அழைக்கும் குறுக்கீடு) அந்தக் கணக்கில் சேருவதில்லை. அது பயன்பாட்டின் தலையில் விழுகிறது. கெர்னலின் நினைவகப் புள்ளிவிவரக் கோப்பான விஎம்ஸ்டாட்டைத் திறந்தால் ஹின்ட் ஃபால்ட்டுகள் எனப்படும் இவற்றின் எண் ஏறிக்கொண்டே இருக்கும், அவற்றில் சொந்த நோடிலேயே உள்ள பக்கங்களுக்கான உள்ளூர் ஃபால்ட்டுகளும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறும், இடம் மாறிய பக்கங்களின் எண் மட்டும் அசையாது. வீண் உழைப்பின் அடையாளம் அதுதான்.

மேல் எல்லையை 600000 ஆக்கினால் டேட்டாபேஸ் மூச்சுவிடும். ஆனால் அந்த எண் இயந்திரம் முழுவதற்கும் பொது. பக்கத்தில் ஓடும் 256 மெகாபைட் புரொசஸின் இடைவெளி பத்து நிமிடம் வரை நீண்டுவிடும். அது வேறு நோடுக்குத் தள்ளப்பட்டால் அதன் பக்கங்கள் பின்தொடர்ந்து வர வெகுநேரம் ஆகும். போதாக்குறைக்கு, 5.13 பதிப்பில் இந்த அமைப்புகளை நிர்வாகிகளுக்கான நிலையான இடைமுகமான சிஸ்கன்ட்ரோலிலிருந்து, பிழைதிருத்தத்துக்கான டீபக்எஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டீர்கள். சிஸ்கன்ட்ரோலிலேயே இருந்தால் காலமெல்லாம் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்ற உங்கள் தயக்கம் நியாயமானதே. லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பூட்டு போட்ட கெர்னலில் அந்த டீபக்எஃப்எஸ் கோப்பில் எழுதவே முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நினைவகத்தைக் குறிப்பிட்ட நோடுகளோடு கட்டிவைக்கும் எம்பைண்ட் கொள்கையை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அப்படிச் செய்தால் பொதுவாக அந்த நினைவகம் ஸ்கேனிலிருந்தே விலகிவிடும். எங்களுக்கு வேண்டியது நிதானம், விலக்கு அல்ல.

ஒவ்வொரு புரொசஸும் தன் மேல் எல்லையைத் தானே சொல்ல, புரொசஸ் தன் அமைப்புகளை மாற்ற உதவும் பிஆர்கன்ட்ரோல் அழைப்பு வழியாக ஒரு வசதி கொடுங்கள். புதிய இடைமுகம் வேண்டாம் என்றால், மேல் எல்லை எப்போதும் கீழ் எல்லையின் பத்து மடங்காவது இருக்கும்படி அதைக் கணக்கிடும் சார்பை (ஃபங்ஷனை) திருத்துங்கள். அதற்கு ஓரிரு வரிகள் போதும்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி