தரையில் இடம் கொடுத்தவர்களுக்கு

வேலூர் கொசப்பேட்டை வீட்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஷூ கம்பெனியின் ஸ்டிச்சிங் லைன் அக்காக்களுக்கும், எங்கள் ஆங்கில மேடத்துக்கும், குடியாத்தத்தில் என் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றும் பெரியம்மாக்களுக்கும் வணக்கம்.

பி.காம். முடித்துவிட்டேன். கறுப்பு அங்கி போட்டுப் பட்டமும் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். உங்களுக்கு நேரில் வந்து சொன்னது போதாது, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு பட்டமளிப்பு உரை. எங்கள் விழாவில் கேட்டதல்ல. 2005 ஜூன் 12 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசியது.

காலேஜில் முதல் வருடம் படித்தபோது மேடம் அதை வகுப்பில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். கால் மணி நேரப் பேச்சு, மூன்றே கதைகள். அன்றைக்கு எனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடித்ததுதான்: மனசு சொல்வதைக் கேள், அடுத்தவர் வாழ்க்கையை வாழாதே. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த வருடமே அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்ப் படிப்பு நின்றது. நான் ஷூ கம்பெனி வேனில் ஏறினேன். அந்த நோட்டு பரணுக்குப் போனது.

தொலைநிலைக் கல்வியில் மறுபடி சேர்ந்த பிறகு ஒரு நாள் ராத்திரி அந்த நோட்டை எடுத்து, அதிலிருந்த பேச்சை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஊறவைத்து வெட்டிய இலை, அதில் ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, நூலால் ஒரு கட்டு. கை பாட்டுக்குக் கை ஓடும், காது என் பக்கம் இருக்கும். ஜாப்ஸைப் பெற்றவள் கல்யாணமாகாத கல்லூரி மாணவி. குழந்தையைத் தத்து கொடுக்க முன்வந்தபோது, எடுத்துக்கொள்ள வந்தவர்கள் டிகிரி படிக்காதவர்கள் என்று தெரிந்து கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அவனைக் காலேஜுக்கு அனுப்புவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள் என்று சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். வளர்த்தவர்கள் உழைத்துச் சேர்த்த காசெல்லாம் ஃபீஸுக்கே போகிறதே என்று அந்தப் பையன் ரீட் கல்லூரியை ஆறே மாதத்தில் விட்டதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அங்கேயே சுற்றிப் பிடித்த வகுப்பில் மட்டும் போய் உட்கார்ந்ததை, சிநேகிதர்களின் அறையில் தரையில் படுத்ததை, காலி கோக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து ஐந்து ஐந்து சென்டாகச் சேர்த்ததை எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹரே கிருஷ்ணா கோயிலில் ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்காக ஏழு மைல் நடப்பாராம். காட்பாடி ஜங்ஷனில் இறங்கிப் பாகாயம் வரை நடக்கிற தூரம் வரும்.

அங்கேதான் அம்மா கை நின்றது. "வாரா வாரம் சோறு போட்டாங்களே, அவங்க யாருன்னு சொன்னாரா? படுக்க எடம் குடுத்தாங்களே, அந்தப் பசங்க இன்னா ஆனாங்க?"

பேச்சை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. தரை இருக்கிறது, அறைக்குச் சொந்தக்காரர்கள் பெயர் இல்லை. சாப்பாடு ரொம்பப் பிடித்தது என்கிறார், பரிமாறியவர் இல்லை. அங்கே கற்ற எழுத்தழகுக் கலைதான் பத்து வருடம் கழித்து மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் எழுத்துகளுக்கு உதவியது என்கிறார், சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பெயரும் பேச்சில் வரவில்லை. அவர் ராபர்ட் பல்லடினோ, முன்பு துறவியாக இருந்தவர் என்று மேடம் பிறகு சொன்னார். ஜாப்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கால் மணி நேரத்தில் எத்தனை பேரைத்தான் சொல்ல முடியும்? ஆனால் அம்மா கேட்ட பிறகு அந்த உரையில் எனக்குக் கேட்பதெல்லாம் அந்தப் பெயரில்லாதவர்கள்தான். மனசு சொல்வதை நம்பிக் கிளம்புகிறவருக்கு ராத்திரி படுக்க இடமும் வயிற்றுக்குச் சோறும் யாராவது கொடுத்தாக வேண்டும். எனக்கு நீங்கள் கொடுத்தீர்கள்.

கொசப்பேட்டை அம்மா, அப்பா, காலேஜில் ஒரு வருடம் மட்டுமே உங்கள் பெண்ணோடு படித்தவள் நான். அதற்காகப் பரீட்சைக்கு முந்தின ராத்திரியெல்லாம் உங்கள் ஹாலில் படுக்க இடம் கொடுத்தீர்கள். வேலை முடிந்து குடியாத்தம் போய்விட்டுக் காலையில் பத்து மணிக்குள் வேலூர் சென்டரில் உட்கார என்னால் முடிந்திருக்காது. நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடும் ஹால். தையல் மெஷினை நகர்த்தி வாசலோரம் தள்ளி எனக்குப் பாய் போடுவீர்கள். நான் லைட்டை அணைக்கப் போனால் அப்பா "படிம்மா, படி" என்று சொல்லிவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு டியூப் லைட்டுக்கு அடியிலேயே தூங்குவார். கிரிக்கெட் மேட்ச் நடந்த நாளிலும் உங்கள் வீட்டு டிவி ஓடவில்லை.

லைன் அக்காக்களே, என்னை மெஷினில் உட்கார வைத்ததே நீங்கள். தோலின் ஓரத்தை எவ்வளவு சீவினால் மடித்துத் தைக்கும்போது புடைக்காது என்று என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினீர்கள். பரீட்சை நாளில் என் ஓவர்டைம் வேலையை யார் பார்ப்பது என்று நான் கேட்கும் முன்பே உங்களுக்குள் பிரித்துக்கொண்டீர்கள். கடைசி வருட ஃபீஸுக்குப் பணமில்லாமல் நின்றபோது, பெண்ணுக்குக் கம்மல் எடுக்க வைத்திருந்த சீட்டுப் பணத்தை ஒரு அக்கா கொடுத்தார். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அக்கா. ஆனால் அந்தப் பெண் ஒரு வருடம் கம்மல் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள், அது எனக்குத் தெரியும்.

மேடம், காலேஜை விட்டவளை யாரும் மாணவியாகக் கணக்கில் வைப்பதில்லை. நீங்கள் வைத்தீர்கள். தொலைநிலைப் படிப்பின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நீங்கள்தான். பெரியம்மாக்களே, அம்மா ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த நாட்களில் அவர் பங்கு இலையையும் நீங்களே வெட்டிச் சுற்றிக் கணக்கில் சேர்த்தீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் பீடித் தொழிலாளர் அட்டைக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்று அம்மாவைக் கையோடு அழைத்துப் போய் மனு எழுத வைத்ததும் நீங்கள்தான்.

ஜாப்ஸின் மூன்றாவது கதை சாவைப் பற்றியது. அப்பா இல்லாத வீட்டில் அதைப் படித்துக் காட்ட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. பட்டம் வாங்கிய போட்டோவை அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருக்கிறேன், காட்பாடியில் சின்னதாக ஒரு ரூம் எடுத்திருக்கிறேன். நம் லைனில் இரண்டு பெண்கள் இந்த வருடம் டிகிரி படிக்கச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் வேலை முடிந்ததும் நேரே என் ரூமுக்கு வரச் சொல்லுங்கள். பாய் இருக்கிறது, சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன், ரயில்வே கேட்டில் நிற்காமல் போகிற வழி எது என்று காலையில் நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்,
குடியாத்தம்.